முதலாளி தலைக்கு மேலே

வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன என்பது எனக்கு மகளுக்குச் சடை பின்னும்போதுதான் உறைத்தது. மூன்று கால் பின்னலில் ஒரு கால் மட்டும் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. "விடும்மா, நான் ரப்பர் பேண்டு போட்டுட்டுப் போறேன்" என்று தலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

ஒத்தக்கடையில் ஒரு பம்புசெட் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுவது என் வேலை. கையைக் காட்டப் போனபோது பிசியோதெரபி டாக்டரம்மா, கடையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து காட்டச் சொன்னார். தோள்களைக் காதுவரை தூக்கி, மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, கழுத்தை முன்னால் நீட்டிக் காட்டினேன். "இப்படியே போனீங்கன்னா சோறு பிசையிறதே கஷ்டமாயிரும்" என்றார். முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். பாதம் தொங்கக்கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. இதற்காக நான் பட்ட பாட்டை அவர் வந்து பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் கடை மேசை, எல்லாவற்றையும் கையால் எழுதிய காலத்தில் ஆசாரி சுவரோடு சேர்த்து அடித்தது. நல்ல உயரம். அதைக் குறைக்க வழியில்லை, நாற்காலிதான் உயர வேண்டும். ஏற்றி இறக்குகிற சுழல் நாற்காலி ஒன்று கேட்டேன். முதலாளி மறுக்கவில்லை, வாங்கிக் கொடுத்தார். வந்ததும் பாலித்தீன் உறையைக் கிழிக்கப் போனேன்.

"இருக்கட்டும் தாயி, புதுசு. அழுக்காயிரும்" என்றார் மேனேஜர். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து கடையில் இருப்பவர். அவர் சொன்னால் சொன்னதுதான். சித்திரை வெயிலில் பாலித்தீன் மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. எழுந்தால் சேலை அதோடு ஒட்டிக்கொண்டு கூட வர மாட்டேன் என்கிறது. சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

மானிட்டருக்கு அடியில் பேப்பர் கட்டுகளை அடுக்கினேன். காலுக்கு, பம்பு வந்து இறங்கிய மரப்பெட்டி. நாற்காலியை ஏற்றி உட்கார்ந்ததும் தோள் தானாக இறங்கியது. சாயங்காலம் விரல்களில் அந்தக் குறுகுறுப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

மறுநாள் காலையில் வந்தால் நாற்காலி அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடக்கிறது. ஏற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடியும் கீழே. தினமும் இதே கதை. கூட்டுகிற அக்காவைச் சந்தேகப்பட்டேன். நாற்காலி விற்றவனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் ஆள் அனுப்பி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வைத்தான். மகள் ரப்பர் பேண்டோடுதான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒருநாள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு சீக்கிரமே திரும்பினேன். மேனேஜர் என் நாற்காலியில் உட்கார்ந்து, விசையை இழுத்து, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

அவருக்குக் கூச்சமே இல்லை. "ஒன் நல்லதுக்குத்தான் தாயி. எதுக்க மொதலாளி உக்கார்றாரு. அவரு தலைக்கு மேல ஒன் தல தெரியுது. வர்றவுக என்ன நெனப்பாக?"

"வெரலு மரத்துப்போகுதுண்ணே. பிள்ளைக்குச் சட பின்ன முடியல."

"வீட்ல வேற யாரும் பின்ன மாட்டாகளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப அவரு நாற்காலியவும் ஏத்தி விடுங்க" என்று வெடித்துவிட்டேன்.

கோபத்தில் சொன்னது. அவரோ முதலாளியின் காலி நாற்காலிக்கு அடியில் குனிந்து விசையைப் பார்த்துவிட்டு, "அம்புட்டுத்தானே" என்றார். அடுத்த நாள் முதலாளியின் நாற்காலி எவ்வளவு ஏறுமோ அவ்வளவும் ஏறியிருந்தது. குள்ளமான மனிதர், மேலூர் ரோடு முழுக்கத் தெரிகிறது என்று அவருக்கே சந்தோஷம். அதன்பிறகு என் நாற்காலியை யாரும் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது. லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று ரிப்பன் வைத்து இரட்டைச் சடை போட்டு அனுப்பினேன். வேன் ஏறும் வரை அவள் சடையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அன்றைக்கே முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, ஒனக்குக் கை மரத்துச்சே, எந்த டாக்டர்ட்ட காட்டுன? எனக்குக் கொஞ்ச நாளா காலு மரத்துப்போகுது."

மேசைக்கு அடியில் பார்த்தேன். செருப்பு தரையில் கிடக்க, பாதம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. அவருக்குப் பின்னால் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் நாற்காலி இறங்கினால் என் நாற்காலியும் இறங்கும். காலையில் பின்னிய சடை கண்முன் வந்தது.

"காலுக்கு அண்டக் குடுத்தாச் சரியாயிரும் சார்" என்று சொல்லி, என் மரப்பெட்டியை இழுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன். "அப்பாடா" என்று சாய்ந்துகொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இப்போது என் கால் தொங்கியது. குடோனில் இன்னொரு பெட்டி எடுத்துத் தரும்படி மேனேஜரிடம் கேட்டேன்.

"பொறு தாயி, அளந்து பாத்து எடுத்துட்டு வாரேன்" என்றார். "மொதலாளி பெட்டியவிட ஒசரமா இருந்திரப்போகுது."