நீல மாவும் செல்வி வீட்டு மோரியும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நாங்கள் மேல்வீடு, செல்வி கீழ்வீடு. கழிவுநீர்க் குழாய் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். விடுமுறையில் மகளுக்காகக் கார்ன்ஃப்ளாரில் தண்ணீரும் நீலக் கலரும் கலந்து காட்டினேன். குத்தினால் கெட்டியாகும், விட்டால் வழியும். அவளுக்கு ஒரே கும்மாளம். மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் இடமான மோரியில் கொட்டிவிட்டேன்.

மறுநாள் செல்வி ஓடிவந்தாள். "எக்கா, எங்க மோரி பொங்கி வீடு பூரா சாக்கடத் தண்ணி!"

"நீ சோத்தக் கொட்டிருப்ப" என்றேன் வெடுக்கென்று.

பிளம்பர் கம்பி விட்டு இழுத்ததும் நீலக் கட்டி வந்தது.

"அம்மா, நம்ம மாவுல்லா!" என்று மகள் கைதட்டினாள். செல்வியிடம் மன்னிப்புக் கேட்காமல், மகளின் தொடையைக் கிள்ளினேன். செல்வி பார்த்துவிட்டாள்.

இப்போது மிச்ச மாவைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுகிறேன். செல்வி என்னோடு பேசுவதில்லை. மகளோ, எந்தச் சோதனை செய்தாலும், கைதட்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள்.