வெட்டாத மீன்

கணவர் வாங்கி வந்த பையை அவள் கவிழ்த்ததும் சமையலறை மேடையில் மீன் துண்டுகள் சரிந்தன. தலை இல்லை, துடுப்பு இல்லை, பேருக்கு ஒரு செதில்கூட இல்லை.

"தலையெல்லாம் எங்கே?" என்றாள்.

"அது எதுக்கு? சந்தையில மீன் வெட்டுற அக்கா பக்கத்துலேயே நின்னு சுத்தம் பண்ண வெச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கு பாரு," என்றார் கணவர்.

"முழுசாத்தானே வேணும் எனக்கு."

"அதைச் சொன்னியா?"

யோசித்தாள். சொல்லவில்லை. வருஷாவருஷம் வகுப்புக்கு மீன் வாங்க அவளேதான் போவாள். அவள் முகத்தைக் கண்டதும் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். கணவர் முகத்துக்கு அந்த ராசி இல்லை.

பள்ளியில் அவளுக்குச் செவுள் டீச்சர் என்று பெயர். விருந்துக்குப் போனாலும் தட்டிலிருக்கும் மீனின் முதுகெலும்பைப் பக்கத்து ஆளுக்குக் காட்டாமல் சாப்பிடமாட்டாள். நாளை காலை மீனை அறுத்துக் காட்டும் வகுப்பு. "படத்தை மாட்டி நடத்துங்களேன், எதுக்கு இந்த நாத்தம்?" என்று புதிய தலைமையாசிரியை கேட்டிருந்தார். நாளை அவரே வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் இனிமேல் படம்தான்.

"இருக்கிற துண்டை வெச்சு நடத்தேன். மீன்னா மீன்தானே?"

"உங்களைத் துண்டு போட்டுக் கொடுத்தா உங்கம்மா அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்களா?"

அவரையும் இழுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். அக்கா வெட்டுப் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முழு மீனா? எல்லாம் தீர்ந்துபோச்சே டீச்சர். இவர் உங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சிருந்தா கத்தியைத் தொட்டிருப்பேனா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். திரும்பியவளின் கால் கழிவு வாளியில் இடித்தது. குனிந்தாள். தலைகள், சிவப்பு மாறாத செவுள்கள், துடுப்புகள், உடையாத காற்றுப்பைகள்.

"இதை என்னக்கா பண்ணுவீங்க?"

"கோழிப் பண்ணைக்காரர் எடுத்துட்டுப் போவார்."

"இன்னிக்கு கோழிங்க பட்டினி."

அக்கா சிரித்தாள். "அடியில குட்டிச் சுறாத் தலை ஒண்ணு கிடக்கு. அதுவுமா வேணும்?"

"அதை விடுவேனா?"

வாளியைக் கணவர் தூக்கிக்கொண்டார். தெருவே ஒதுங்கி வழிவிட்டது. "மந்திரிக்குக்கூட இப்படி விலகமாட்டாங்க," என்றார்.

மறுநாள் முதல் பாடவேளையில் பிள்ளைகள் மேசைகளில் சாக்கட்டியால் மீன் உடம்பை வரைந்து, வாளியிலிருந்ததை அதன்மேல் பரப்பி முழு மீன்களாக அடுக்கினார்கள். ஒரு மேசையில் முதுகுத் துடுப்பு வயிற்றில் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திருத்தினார்கள். கெண்டைத் தலையில் செவுள்மூடியைத் தூக்கிச் செவுளைப் பார்த்தார்கள். சுறாத் தலைக்கு மூடியைக் காணோம் என்று வாளிக்குள் தேடினார்கள். அதற்கு மூடியே கிடையாது, பிளவுகள்தான், எலும்பும் இல்லை, குருத்தெலும்பு, அதனால் அது வேறு வகை மீன் என்று அவள் சொன்னாள். தலைமையாசிரியை கைக்குட்டையால் மூக்கை மூடியபடி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, சுறாவுக்குக் காற்றுப்பை எங்கே என்று கேட்டார். அதுவும் கிடையாது, ஈரல் எண்ணெய்தான் மிதக்க உதவும் என்று ஒரு மாணவி சொன்னாள். அடுத்த வருஷமும் நடத்தலாம், ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் மேசைகளைக் கழுவினார்கள். வாளி அக்காவிடம் திரும்பிப் போயிற்று. வீட்டில் கணவர் துண்டுகளைப் பொரித்து வைத்திருந்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.