சிமெண்டு ஆளின் இடது கண்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. இது வேதகிரிக்கு நடந்தது. அதுவும் நட்ட நடுப் பகலில், 1963 சித்திரை வெயிலில். ஆள் குடிக்கிறவன் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் எப்போதோ முன்னுக்கு வந்திருப்பான்.

உத்திரமேரூரில், சாலவாக்கம் போகிற ரோட்டோரம் ஒரு பழைய நெல் கிடங்குக்கு வெள்ளையடித்து, ‘விஞ்ஞானக் கலைக்கூடம்’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். விஞ்ஞானம், இயந்திரம், சிற்பம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. ஜனங்கள் பார்க்கத் துடித்ததெல்லாம் சிமெண்டு ஆளைத்தான். ஆறடி உயரம். நெஞ்சில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு பல்பு. மோட்டாரை ஓட விட்டால் அது இதயம் துடிக்கிற மாதிரி விட்டு விட்டு எரியும். ஆளைச் செய்தவர் பழையசீவரம் ஏகாம்பர ஸ்தபதி. வயரிங் வேலை வேதகிரியுடையது. விழாவில் பல்பு சரியாக எரிந்தால் அவனுக்கு அங்கேயே நிரந்தர உத்தியோகம். எரியாவிட்டால் அந்த வேலை ஐசக் என்கிற இன்னொரு எலெக்ட்ரீஷியனுக்கு.

கோவில் சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதே வழக்கத்தில் ஸ்தபதி இதற்கும் கண்களை வழுவழுவென்று விட்டு வைத்திருந்தார்.

“நான் கண்ணத் தொறந்தப்புறம் நெஞ்சுல வெளக்கு போடுப்பா. முன்னால போட்டுடாதே.”

“இது சாமியா இன்னா? சிமெண்டுதான?” என்று வேதகிரி சிரித்தான்.

திங்கட்கிழமை ஸ்தபதி ஊருக்குப் போன நேரம் பார்த்து, மோட்டாரை ஓட்டிப் பல்பை எரிய விட்டும் பார்த்துவிட்டான். செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது, ஸ்தபதிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று. வயசான மனுஷன், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை. பகல் 12.05. வாட்ச்மேன் செங்கேணி வாசற்படியில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான். உள்ளே வேதகிரி மட்டும். மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றித் துடைத்தான்.

12.15. டொக்... டொக்...

சுவருக்கு அந்தப் பக்கமா? ஐசக்! விழாவைக் கெடுக்க வந்துவிட்டான் படுபாவி!

“செங்கேணி! வெளியில யார்ரா அது?”

“ஒருத்தரும் இல்ல. நான் இங்கதான குந்திக்கினு கீறேன்.”

“ஐசக் வந்தானா?”

“இன்னா வேதகிரி, பேஜாரு பண்றே? அவன் காலையிலயே செங்கல்பட்டு பூட்டான்.”

வேதகிரி நம்பவில்லை. செங்கேணிக்கு ஐசக் டீயும் பீடியும் வாங்கிக் கொடுத்திருப்பான். வெளியே போய்க் கிடங்கைச் சுற்றி வந்தான். புழுதி கலையாமல் கிடந்தது. ஒரு காலடித் தடம் கூட இல்லை.

12.28. திரும்பி உள்ளே வந்தான்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. விட்டு... விட்டு...

சட்டைப் பையைத் தடவினான். பியூஸ் கட்டை இருந்தது. பெல்ட் தரையில் கிடந்தது. மோட்டார் சுற்றவில்லை.

பேட்டரி! எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான் திருட்டுப் பயல். நாளைக்கு எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கப் பார்க்கிறான். வேதகிரி நெஞ்சுக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே கையை விட்டான். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசி வயரும் கையோடு வந்துவிட்டது.

பல்பு எரிந்தது.

டொக்... டொக்...

இப்போது சத்தம் சுவரில் இல்லை. அவன் தலைக்கு நேர் மேலே.

சிமெண்டுத் தூள் அவன் புறங்கையில் உதிர்ந்தது.

நிமிர்ந்து பார்க்கப் பயம்.

பல்பு வேகமாகத் துடித்தது. அவசரம்... யாருக்கோ அவசரம்...

அவனுக்கு வேலை போய்விடுமே என்ற பயம் ஒருபக்கம். இது என்னவென்றே தெரியாத பயம் இன்னொரு பக்கம். “போடா ஐசக்கு!” என்று கத்திக்கொண்டே பல்பைத் திருகிப் பிடுங்கினான்.

மணி 12.41.

பல்பு அணைந்தது. சத்தமும் நின்றது.

நிமிர்ந்தான்.

வலது கண் திறந்திருந்தது. இமை, விழி, கருமணி... எல்லாம் புதிதாகச் செதுக்கியிருந்தது.

இடது கண் வழுவழுவென்று அப்படியே.

மறுநாள் விழா அமர்க்களமாக நடந்தது. புது பல்பு அழகாக எரிந்தது. ஒரு கண்ணை மூடி வைத்திருப்பது நவீன சிற்பம் என்று வந்திருந்த அதிகாரி மெச்சினார். வேதகிரிக்கு வேலையும் கிடைத்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறி, ஸ்தபதியைப் பார்க்கப் பழையசீவரம் போனான்.

வீட்டு வாசலில் சாவுப் பந்தல்.

“நேத்து மத்தியானம் பூட்டாருப்பா” என்றான் ஸ்தபதியின் மகன். “பன்னண்டே கால்லேந்து கை மட்டும் செதுக்கறா மாதிரி ஆடிக்கினே இருந்துச்சு. ‘ஒண்ணு முடிஞ்சுது, இன்னொரு கண்ணு பாக்கி கீது, வெளக்க அணைக்காதடா’ன்னு கத்தினாரு. எங்க வூட்ல அப்போ வெளக்கே எரியல.”

“உசுரு போன மணி... தெரியுமா?”

“அடைப்பு நட்சத்திரமா, வூட்ட மூடி வைக்கணுமான்னு பாக்கணுமே, அதுக்காகக் குறிச்சு வச்சேன். பன்னண்டு நாப்பத்தொண்ணு.”

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் வேதகிரி அங்கேதான் வேலை பார்த்தான். தினமும் காலையில் அந்த விளக்கைப் போட வேண்டியது அவன். சாயங்காலம் அணைக்க வேண்டியதும் அவன்தான்.

“போடறதுல ஒண்ணும் இல்லப்பா” என்பான். “அணைக்கறப்ப அது என்னியே பாத்துக்கினு கீது.”