கடைசியில் வாங்க வேண்டிய டிக்கெட்

நெஜ்மிக்கு வயது ஐம்பத்தேழு. அதில் பதினொரு வருடம் கடலோர ஓட்டல்களில் பரிமாறியே போனது. ஒன்பது வருடமாக இஸ்தான்புல் விமான நிலையத்துக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்கும் நடுவே வேன் ஓட்டுகிறார். மீதி வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், "வளர்ந்தேன், கல்யாணம் பண்ணிக்கிட்டேன், அதுக்கே நேரம் சரியாப் போச்சு" என்பார்.

அவருடைய வேனில் ஏறுகிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டார். எல்லோரும் ஒரே வேலையாக வந்தவர்கள். வயிற்றை அறுத்துச் சின்னதாக்கிக்கொண்டு, உடம்பு இளைத்து ஊர் திரும்ப வேண்டும். நெஜ்மியின் ஆங்கிலம் ஓட்டலில் கற்றது. வறுத்த கத்தரிக்காய், முள் எடுத்த மீன், எலும்பில்லாத கோழி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. மற்றபடி தட்டுத்தடுமாறித்தான். அதை அப்படியே எழுதினால் படிப்பவருக்குத் தலைவலி வரும், அதனால் நேராக்கியே தருகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சாப்பாட்டைப் பற்றியே பேசத் தெரிந்த மனிதரை, சாப்பிடவே கூடாத ஆட்களோடு கொண்டுபோய் உட்கார வைத்த விதியை என்னவென்பது!

வேனில் கையில் ஊற்றித் தடவ வாசனைக் கொலோன் புட்டி உண்டு, முகம் துடைக்கக் காகிதம் உண்டு. ஒரு பிஸ்கட் கிடையாது. அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வருடம், அறுவைச் சிகிச்சை நாளன்று காலையில், ஒரு பெல்ஜியக்காரரை ஓட்டலிலிருந்து அழைத்துக்கொண்டு போனார். சிக்னலில் வண்டி நிற்க, பக்கத்தில் எள் தூவிய வளைய ரொட்டி விற்கிறவன் நின்றான். பெல்ஜியக்காரர் அதைப் பார்த்த பார்வையை நெஜ்மியால் தாங்க முடியவில்லை. விருந்தாளி மூன்று முறை வேண்டாம் என்றால் நான்காவது கரண்டி வைக்கிற வீட்டில் வளர்ந்தவர் அவர். இரண்டு ரொட்டி, ஒரு டீ, எல்லாம் தன் கைக்காசில். மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது அந்த ஆளும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

தலைமை நர்ஸ் குலிஸார் படியிறங்கி வண்டி நிறுத்தும் இடத்துக்கே வந்துவிட்டாள். "நெஜ்மி அண்ணே, வயித்துல ரொட்டியோட மயக்க மருந்து குடுத்தா அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். நீங்க விருந்து வெச்சீங்களா, இல்ல ஆளை முடிக்கப் பாத்தீங்களா?"

ஒரு ரொட்டியால் ஒரு மனிதன் செத்திருப்பான் என்பது நெஜ்மிக்குப் பெரிய அடி. அன்று முதல் டீ வேளையில் குலிஸாரிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம், நாடி பார்ப்பது எப்படி என்று எல்லாம். விமான நிலையத்திலிருந்து வரும் இரண்டு மணி நேர நெரிசலில் நோயாளிகளைக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அப்போதுதான். ஒலிப்பான்கள் அலறும், இவர் பாட்டுக்குக் கேட்பார்.

மார்ச் மாதம் ஒரு காலையில் ப்ரோனா வந்தாள். நாற்பத்து நான்கு வயது, அயர்லாந்தில் ஸ்லைகோ ஊர்க்காரி, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். தன்னைப் போலவே வண்டி ஓட்டுகிறவள் என்று தெரிந்ததும் நெஜ்மிக்குப் பாசம் பொங்கிவிட்டது.

"எதுக்கு தங்கச்சி இந்த ஆபரேஷன்?"

"சீட் பெல்ட் எட்டல அண்ணா. ஒரு நாள் பசங்க முன்னாடி இழுத்து இழுத்துப் பாத்தேன். ஒரு பொடிசு வந்து நான் பிடிச்சுக்கட்டுமான்னு கேட்டான். கிண்டல் பண்ணியிருந்தாக்கூட பரவால்ல. பாவம்னு கேட்டான்."

நெஜ்மி தன் பெல்ட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "கூட யாரு வந்திருக்கா?" என்றார்.

"யாரும் இல்ல."

"புருஷன்?"

"நான் ஸ்பெயின்ல தோழி வீட்டுல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

"உங்க ஊர் டாக்டர்?"

"அவருக்கும் ஸ்பெயின்தான்."

நெஜ்மியின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. நெஜ்மியின் ஊரில் ஒருவர் பல் பிடுங்கப் போனாலும் நாலு பேர் கூடப் போவார்கள். படுக்கை ஒன்றென்றால் பக்கத்தில் துணைக்கு ஒரு சோபா கட்டாயம் இருக்கும். அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், வருகிறவர்கள் எல்லாம் நோய் 'கடந்து போகட்டும்' என்று வாழ்த்திவிட்டு நகரவே மாட்டார்கள். மருத்துவமனைக்குத் தனியாக வருவதா!

"சரி, அறுக்கிற டாக்டர் பேர் என்ன?"

அவள் கைபேசியைத் தேடினாள். "டோல்கா."

"டோல்கா போன்ல ஆள் பிடிச்சு, எங்களுக்கு வண்டி வேலை சொல்ற பையன். அவன் கையில கத்தியைக் குடுத்தா தக்காளி கூட நறுக்க மாட்டான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டாக்டரை நேர்ல பாரு. என்ன மாத்திரை சாப்பிடறே, சிகரெட் உண்டா, ரத்தம் எப்பவாவது கட்டியிருக்கா, ஒண்ணையும் மறைக்காதே. ஊருக்குப் போன பிறகு வலிச்சா யார்கிட்ட போறதுன்னு கேளு. என்ன பண்ணினாங்கன்னு உன் மொழியில எழுதி வாங்கு. திரும்புற டிக்கெட் எப்போ?"

"நாலாவது நாள். பள்ளிக்கூடம் திறக்குது."

"நாலாவது நாளா! வண்டியை சர்வீசுக்கு விட்டாக்கூட, மெக்கானிக் எடுத்துட்டுப் போன்னு சொன்ன பிறகுதானே வெளியூர் பயணம் வெச்சுக்குவோம்? திரும்புற டிக்கெட்டைக் கடைசியில வாங்கணும் தங்கச்சி."

"அது சேர்ந்தே வருதே. விமானம், ஓட்டல், ஆபரேஷன், ஒரு நாள் படகுச் சவாரி, எல்லாம் ஒரே விலை."

"படகோட்டறதும் டோல்காவா?"

ப்ரோனா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க டிரைவரா, டாக்டரா?"

"டிரைவர். அதனாலதான் திரும்பிப் போற வழியைக் கேக்கறேன்."

அவள் டாக்டரை நேரில் பார்த்தாள், கேட்டதற்கெல்லாம் உண்மை சொன்னாள். விமானத் தேதியையும் கணவனையும் பற்றி அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் தாழ்வாரத்தில் எட்டு முறை நடந்து காட்டி ஓட்டலுக்குப் போனாள். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நெஜ்மி பெட்டியை வண்டியில் ஏற்றினார்.

கால் மணி நேரம் போயிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ப்ரோனா இடது தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது.

"என்ன தங்கச்சி?"

"வாயு. தோள்ல குத்தும்னு நர்ஸே சொன்னாங்க. நீங்க ஓட்டுங்க."

வாயுவும் தோளில் குத்தும்தான், நெஜ்மிக்கும் தெரியும். ஆனால் நடந்தால் அது குறையும், மூச்சை இப்படி வாங்க வைக்காது. சிக்னலில் கையில் கொலோன் ஊற்றுகிற சாக்கில் அவள் விரலைத் தொட்டார். சுட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குலிஸாரைக் கூப்பிட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"நூத்தி இருபத்தாறு சிஸ்டர்."

"உக்காந்த நிலையிலயா? காய்ச்சல்?"

"கை அடுப்பு மாதிரி இருக்கு."

"திருப்புங்க. ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்காதீங்க. வயித்துக்குள்ள தையல் ஒழுகுதோ என்னமோ. நான் டாக்டருக்குச் சொல்றேன்."

அவர் பேசிவிட்டு வைக்கவில்லை, அதற்குள் டோல்காவின் போன் வந்துவிட்டது. "அண்ணே, எங்க நிக்கறீங்க? ஏர்போர்ட்ல அடுத்த மூணு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, திருப்பிக் கூட்டிட்டு வர்றேன்."

"டிஸ்சார்ஜ் ஆயாச்சு அண்ணே! அயர்லாந்துல ஆஸ்பத்திரி இல்லையா? நீங்க என்ன டாக்டரா? திருப்பினா சாவியை வரவேற்புல வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

நெஜ்மி பயந்தார், அதில் ஒளிவுமறைவு என்ன? ஐம்பத்தேழு வயதுக்காரனை நம்பி இன்னொருவன் வண்டி தருவானா? "சரி தம்பி, வரவேற்புலயே வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வளைவில் வேனைத் திருப்பினார்.

பின்னால் இருந்தவளும் டிரைவர் அல்லவா? உடனே கண்டுபிடித்துவிட்டாள். "ஏர்போர்ட் பலகை அந்தப் பக்கம் போகுது. எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"முடியாது! ராத்திரிக்குள்ள நான் வீட்டுல இருக்கணும். இறக்கி விடுங்க, டாக்ஸி பிடிச்சுக்கறேன்."

"உன் பஸ்ஸுல ஒரு குழந்தை காய்ச்சலோட, மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுது. வீட்டுல திட்டுவாங்க, எங்கயும் நிறுத்தாதீங்கன்னு அழுவுது. நீ நிறுத்த மாட்டே?"

ப்ரோனா கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். பாலத்து நெரிசலில் வேன் ஊர்ந்தது. நெஜ்மி விளக்கைப் போட்டார், ஒலிப்பானை அமுக்கிக்கொண்டே இருந்தார், வழிவிடாத கார்க்காரனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"என் புருஷன் ஃபின்டன்கிட்ட என்ன சொல்லுவேன்?"

"உண்மையைச் சொல்லு. இப்பவே கூப்பிடு."

கூப்பிட்டாள். காதில் வைத்துப் பிடிக்கத் தெம்பில்லாமல் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் ஃபின்டன் பேசினான்.

"ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் ஸ்பெயின்ல வேற வேற ஊர் சொன்னே. வேற யாரோ இருக்கான்னு நெனச்சேன் ப்ரோனா. நாலு நாளா தூங்கல. நான் வர்றேன். பக்கத்துல யாரு இருக்கா?"

"வேன் டிரைவர்."

"அவர்கிட்ட சொல்லு, விட்டுட்டுப் போயிடாதீங்கன்னு."

வாசலில் குலிஸார் தள்ளுவண்டியோடு நின்றாள். தையல் ஓரத்தில் சின்னதாக ஒரு கசிவு. ஒரு மணி நேரத்தில் மறுபடி மேசையில் படுக்க வைத்தார்கள். பிற்பாடு டாக்டர் குலிஸாரிடம், "ஆகாசத்துல வெச்சு இது நடந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாராம்.

நெஜ்மி சாவியை வரவேற்பில் வைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். மனைவி பெரிஹானிடம் நடந்ததைச் சொன்னார்.

"வேலை போச்சா?"

"போச்சு."

"போனாப் போகுது. அந்தப் பொண்ணு கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

பெரிஹான் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஃபின்டன் வந்து சேரும் வரை இரண்டு நாளும் அந்தத் துணை சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ப்ரோனா முனகினால் இவள் கையைத் தடவுவாள், 'கடந்து போகட்டும்' என்பாள். இரண்டாம் நாள் குலிஸார் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தாள். மடியில் ஒரு குடுவை, அதில் ஆவி பறக்கும் கோழி சூப்!

"அண்ணி! குழாய் வழியா ஆகாரம் போயிட்டிருக்கு, வாய்ல ஒரு சொட்டுப் படக்கூடாது! வெளிய எடுத்துட்டுப் போங்க!"

"குடிக்கவா குடுத்தேன்? மோந்து பாக்கட்டுமேன்னுதான்" என்றாள் பெரிஹான். புருஷன் ரொட்டி, பெண்டாட்டி சூப். அந்த வீட்டையே மருத்துவமனைக்குள் விடக்கூடாது என்று குலிஸார் தலையில் அடித்துக்கொண்டாள்.

சாவியை வைத்த ஆறாம் நாள் டாக்டர் எங்கோ போக வண்டி கேட்டார். புது டிரைவரைப் பார்த்துவிட்டு, நெஜ்மி எங்கே என்று டோல்காவைக் கேட்டார். அன்று மாலையே நெஜ்மிக்கு டோல்காவின் போன் வந்தது.

"அண்ணே, சாவி இங்கதான் இருக்கு."

"தெரியும் தம்பி, நான்தானே வெச்சேன்."

நான்கு வாரம் கழித்து டாக்டர் 'போகலாம்' என்றார். அதற்குப் பிறகுதான் ஃபின்டன் டிக்கெட் வாங்கினான். கடுதாசிக் கட்டு ஒன்று அவன் கக்கத்தில் இருந்தது. என்ன செய்தார்கள், எது ஒழுகியது, ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைகள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது, எல்லாம் அவர்கள் மொழியில். ஸ்லைகோ டாக்டரோடு இங்கிருந்தே பேசியும் ஆகிவிட்டது. முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் ப்ரோனாவை அரை மணி நேரம் வறுத்தெடுத்திருக்கிறார்.

போகிற வழியில் நெஜ்மி வேனைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். பெரிஹான் பருப்பு சூப்பை மையாக மசித்து, வடிகட்டி வைத்திருந்தாள். ப்ரோனா மெல்ல மெல்ல நாலு கரண்டி குடித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள், போதும் என்று. பெரிஹான் கரண்டியோடு வந்தாள். ப்ரோனா தலையாட்டினாள். பெரிஹான் சிரித்துக்கொண்டே குனிந்தாள். நெஜ்மி தன் பிறவியில் செய்யாத ஒன்றைச் செய்தார். விருந்தாளியின் கிண்ணத்தைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"நாலுன்னா நாலுதான்."

"அரைப்பசியோட அனுப்பறோமே" என்று பெரிஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல அக்கா, நிறைஞ்சிருச்சு" என்றாள் ப்ரோனா. நெஜ்மி மொழிபெயர்த்தார்.

வேனில் ஏறி ப்ரோனா பெல்ட்டை இழுத்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எட்டியது. தண்ணீர் போலப் போய், தண்ணீர் போலத் திரும்பி வர வேண்டும் என்று பெரிஹான் ஒரு குடுவைத் தண்ணீரைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வீசி ஊற்றினாள். ஒன்பது வருடமாக நோயாளிகள் திரும்பி வரவே கூடாது என்று வேண்டுகிற மனிதர் நெஜ்மி. இன்று அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க போறோம் ப்ரோனா?" என்று பின்னால் ஃபின்டன் கேட்டான்.

"ஸ்லைகோவுக்கு."

"நிச்சயமா? வழியில ஊர் மாறாதே?"

"சும்மா வாய்யா. டிக்கெட் உன் பையிலதானே இருக்கு?"

அன்று திருப்பிய அதே வளைவு வந்தது. நெஜ்மி கண்ணாடியில் பார்த்தார். ப்ரோனாவின் கை தோளில் இல்லை, ஃபின்டனின் கைக்குள் இருந்தது. அவர் வேனை நேராக விட்டார்.