சவுரிராயன் இறுக்கிய நட்டு

திண்டிவனம் பைபாஸில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் சவுரிராயனுக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: தளர்ச்சி. வீட்டுக் குழாயை அவர் மூடினால் மறுபடி திறக்க அவரே வரவேண்டும். ஊறுகாய் பாட்டிலை அவர் மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போன நாளில், மனைவி ஆரோக்கியசெல்வி வெறும் மோர்ச்சோறு தின்றிருக்கிறாள். லாரிச் சக்கரத்தைக் கழற்றி, ஹப்புக்குக் கிரீஸ் வைத்து மாட்டுவது அவர் பிழைப்பு. சக்கரம் கழன்று ஓடிவிடாமல் ஆக்சில் முனையில் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பெரிய நட்டு. அதை இறுக்கிய பிறகு, பேரிங் சுற்ற இடம் வேண்டுமே என்று கொஞ்சம் இளக்கிவிடுவதுதான் முறை. சவுரிராயனுக்கு அது கோழைத்தனம்.

"இளக்குறவன்லாம் மெக்கானிக்கா? அவன் போயி பஞ்சர் ஒட்டட்டும்" என்பார்.

அந்த நட்டுக்கென்றே பாக்ஸ் ஸ்பேனர் உண்டு. அவர் அதைத் தொட்டதில்லை. நட்டின் விளிம்பில் வெட்டியிருக்கும் காடியில் உளியை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார். இதில் அவரை மட்டும் சொல்வானேன், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் எல்லாப் பட்டறையிலும் உளிதான் ஸ்பேனர். ஆனாலும் அவர் அடிக்கு ஈடு கிடையாது.

அந்த அடியில் ஆக்சில் முனையின் மரை, நட்டு சுற்றி ஏறுகிற அந்தத் திருகுப் பள்ளம், நசுங்கிப்போகும். அடுத்த தடவை நட்டு ஏறாது. அப்போது லாரிக்காரர்கள் எங்கே போவார்கள்? சவுரிராயனிடம்தான். கெட்ட மரையைச் சரி பண்ணுவதில் அவரை மிஞ்ச ஜில்லாவில் ஆளில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைத்தான் மனிதர் தனக்கே தெரியாமல் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். லாரி மெக்கானிக் சங்கத்துக்கு அவர் தலைவரானதும் அந்தக் கைராசியால்தான்.

போன மாசியில் கெங்கம்மாளின் லாரியை இன்னொரு லாரி கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டது. கெங்கம்மாள் பிரம்மதேசத்துக்காரி. புருஷன் போனபின் அந்த ஒரு லாரியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை மூட்டை மூட்டையாக ஏற்றியனுப்பிப் பிழைக்கிறாள். ஓட்டுகிறவன் அவள் மகன் தமிழ்மணி. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது இடது பின்சக்கரம் புகைந்து, ஆடி, ஹப்போடு வெளியே கிளம்பப் பார்த்திருக்கிறது. அவன் எப்படியோ ஓரங்கட்டிவிட்டான்.

சவுரிராயன் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தார். ஆக்சிலின் வெளிமுனையில் மரை நசுங்கிப் படுத்திருந்தது. டீ குடிக்க வந்தவர்களும் சங்கத்து ஆட்களும் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தைக் கண்டால் அவருக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

"இத செஞ்சவன் மெக்கானிக்கா, கசாப்புக்காரனா? ஒரு உசுரு போயிருக்கும். எவன்னு மட்டும் தெரியட்டும், இனிமே அவன் ஒரு ஹப்பத் தொடக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போடறேன். உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசி முடித்த தெம்பில் அவர் கழற்றிப்போட்ட நட்டை எடுத்துப் புரட்டினார். காடியில் உளி வெட்டுகள். ஒவ்வொரு வெட்டுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு பொட்டு. அவர் உளிக்கு ஒரு மூலை உடைந்திருக்கிறது. அது ஒன்றுதான் அப்படிப் பொட்டு வைக்கும். சவுரிராயன் நட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"மேஸ்திரி, இந்தச் சக்கரத்தக் கழட்டினது ரெண்டே பேருதான்" என்றாள் கெங்கம்மாள். "ஒன்னு நீங்க, இன்னொன்னு விழுப்புரத்து அரங்கநாதன்."

"அப்ப விழுப்புரந்தான்" என்றார் அவர். நட்டு பழைய இரும்புக் குவியலின் அடிக்குப் போனது.

வேலையில் குறை வைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். முக்கோண அரத்தால் படுத்துக்கிடந்த மரையை ஒவ்வொரு பள்ளமாக ராவித் திறந்தார். பிறகு பழைய நட்டு ஒன்றை இரண்டாக அறுத்து, அடிபடாத உள்பக்கத்து மரையில் இரண்டு பாதியையும் பொருத்தி, கிளிப் போட்டுக் கட்டி, எண்ணெய் விட்டு, உள்ளிருந்து வெளியே கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் வெளியிலிருந்து திணித்துக் கெட்டதை மேலும் கெடுப்பார்கள். நல்ல மரை முன்னே போனால் கெட்ட மரை பின்னால் வரும் என்பது அவர் கணக்கு. புது நட்டு விரலால் திருப்பியே ஏறியது. அன்றைக்கு மட்டும் அதை இறுக்கிவிட்டு, யாரும் பார்க்காதபோது கொஞ்சம் இளக்கியும் விட்டார்.

கெங்கம்மாள் அத்தோடு விடவில்லை.

"வாங்க மேஸ்திரி, அவன் மூஞ்சிக்கு நேரா கேக்கணும்."

சங்கத்து ஆட்களும் லாரியில் ஏறிக்கொண்டார்கள். அரங்கநாதன் பட்டறை பூட்டியிருக்கவேண்டும் என்று சவுரிராயன் விழுப்புரம் வரைக்கும் அந்தோணியாரை வேண்டிக்கொண்டே போனார். பட்டறை திறந்துதான் இருந்தது.

கெங்கம்மாள் கத்தித் தீர்த்தாள். அரங்கநாதன் இல்லையென்பான், அப்போது நாமும் ஒரு சத்தம் போடலாம் என்று சவுரிராயன் தயாராக நின்றார். அரங்கநாதன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தன் சம்மட்டியைப் பார்த்தான்.

"நானாத்தான் இருக்கும்மா. உளி வச்சித்தான் அடிச்சிக்கினு இருக்கேன். எத்தினி வண்டிக்கு அடிச்சேனோ, எது எங்க நின்னுச்சோ. உங்க புள்ளைக்கு ஒன்னும் ஆவலியே, அது போதும். மன்னிச்சிடுங்க."

கெங்கம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. சவுரிராயனுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வந்தது, கூட்டத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

"சரி சரி, இனிமேயாவது பாத்து செய்யி" என்றார்.

அரங்கநாதன் மறுவாரமே பாக்ஸ் ஸ்பேனர் வாங்கினான். தப்பை ஒத்துக்கொள்கிற மெக்கானிக் என்று செஞ்சி வரைக்கும் பேச்சு பரவியது. கெங்கம்மாளே ஊர் ஊராகச் சொன்னாள். டிரைவர்கள் திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு ஹப் வேலைக்கு விழுப்புரம் போனார்கள். சங்கத் தலைவர் பதவியும் அவனைத் தேடிப்போயிற்று. சவுரிராயன் பேர் ஒரு கறையும் படாமல் பத்திரமாக இருந்தது. பட்டறையில்தான் லாரி இல்லை.

குற்றம் உறுத்தியது என்று சொன்னால் அது அவருக்கு நாம் கொடுக்கும் இனாம். உறுத்தியது பொறாமை. தான் செய்த தப்புக்கு இன்னொருவன் பேர் வாங்குகிறானே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள், மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை இறக்க வந்த கெங்கம்மாளை வழிமறித்தார்.

"கெங்கம்மா, ஒன்னு சொல்லணும். அந்த மரையக் கெடுத்தது அரங்கநாதன் இல்ல. நான்தான்."

கெங்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் மேஸ்திரி, நல்லா செஞ்சி குடுத்தீங்க, அந்த மரியாத எனக்கு இருக்குது. அந்த மனுஷன் செஞ்சத ஒத்துக்கினு நாலு வண்டிக்காரங்கள சேத்துக்கினாரு. அதப் பாத்து வயிறெரிஞ்சி, அவரு தப்பக்கூட நீங்க புடுங்கிக்கப் பாக்குறீங்களே. நல்லாவா இருக்குது?"

"மாதா மேல சத்தியமா நான்தாம்மா."

"சாமிய இதுல இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் லாரிப் பக்கம் திரும்பினாள். "தமிழ்மணி, ஜல்தி எடு. விழுப்புரத்துல கிரீஸ் வச்சிக்கினு போயிடலாம்."