இடது பக்கத்து விளக்கு

பதினாறு வருடங்களாக அவள் படம் எடுத்த எவரும் கண் சிமிட்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் புகைப்படக்காரி அவள். விபத்தில் வந்தவர்கள், தண்ணீரில் கிடைத்தவர்கள், யாரென்றே தெரியாதவர்கள், எல்லோருக்கும் ஒரே முறைதான். நேராக ஒரு படம், பக்கத்துக்கு ஒன்று, காயத்தருகே அளவுகோல் வைத்து ஒன்று. கேமராவின் தலையில் மாட்டிய ஃப்ளாஷ் போதும். நிழல் விழுந்தால் போலீஸ்காரர்கள் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு புதன்கிழமை அக்கா வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு நல்ல போட்டோ எடுத்துக் குடு. திங்கக்கிழமை ஊசி போட ஆரம்பிக்கிறாங்க. முடியெல்லாம் கொட்டிடுமாம்."

"ஸ்டுடியோல எடுத்துக்கக்கா. என் கைக்கு அதெல்லாம் வராது."

"அவன் என்னைப் பொம்மையாட்டம் வெளுத்துக் குடுப்பான். நீயே எடு. ஆனா ஆபீஸ்ல எடுக்கிற மாதிரி எடுத்துடாத."

அக்கா தையல்காரி. அவள் வலது கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதன் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தெரிந்த ஸ்டுடியோக்காரர் இரண்டு விளக்குகளையும், வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடையையும் கொடுத்தார். "ஒண்ண பக்கத்துல வைங்க, இன்னொண்ண பாதியா குறைச்சு எதிர்ல வைங்க. நிழலப் பாத்துப் பயந்துடாதீங்க மேடம். அது இருந்தாத்தான் மூக்கு மூக்கா தெரியும்" என்றார்.

மூன்று நாட்கள் ஒத்திகை. கட்டிலைச் சுவரோரம் தள்ளி, படுக்கை விரிப்பைச் சுருக்கம் போகத் தேய்த்துத் திரையாகக் கட்டினாள். அக்காவின் கடையிலிருந்து தையல் பொம்மையை எடுத்து வந்தாள். அதற்குத் தலை இல்லாததால் ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். விளக்கை இடது பக்கம் வைத்தால் வலது கழுத்து இருட்டில் ஒதுங்கிவிடும் என்று கண்டுபிடித்தபோது நிம்மதியாக இருந்தது. கடைசியாகத் தன்னையே ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். வேலையில் தினம் பார்க்கும் முகம் போலவே இருந்தது. உடனே அழித்தாள்.

ஞாயிறு காலை அக்கா தலை நிறைய எண்ணெய் வைத்து வாரி, வலது தோளில் சால்வை போட்டு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தவளின் முகவாயை இவள் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள்.

"கை ஏண்டி இவ்வளவு சில்லுனு இருக்கு?"

"அசையாம இருக்கா."

"அசையாம இருக்கத்தான் இன்னும் நாள் இருக்கே."

பத்துப் படங்களும் அடையாள அட்டைக்கு எடுத்தவை போல விறைத்து வந்தன. அக்காவுக்கே பொறுக்கவில்லை. "ஏதாச்சும் பேசேன். அங்கயும் இப்படி ஊமையாத்தான் வேலை செய்வியா?"

"அங்க யாரும் திருப்பிப் பேச மாட்டாங்களே."

அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்போதுதான் அது தெரிந்தது. இடது தாடைக்குக் கீழே, பட்டாணி அளவு மேடு. அதன் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு நிழல். உடம்பைப் பார்த்தே பழகிய கண் ஏமாறவில்லை. கேமராவை இறக்கினாள். விளக்கை எதிரே நகர்த்தினாள். மேடு மறைந்துபோனது.

"எதுக்கு நகத்துற?"

"கண்ணு கூசுமேன்னு."

"பொய் சொல்றப்ப உனக்குக் குரல் கம்மிப் போகும். என்ன பாத்த?"

இவள் அக்காவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அக்கா மெல்ல அழுத்தினாள். விரல் அங்கேயே நின்றது.

"டாக்டருக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

"அவர் கையில பட்டிருக்காது. நாளைக்குக் காட்டிடலாம்."

அக்கா விரலை எடுத்தாள். பிறகு சால்வையை எடுத்து மடியில் போட்டாள். "லைட்டப் பழைய இடத்துலயே வை. எடுத்து முடி. இப்ப அழுதேன்னா முகம் வீங்கிடும்."

இவள் இன்னும் இருபது படங்கள் எடுத்தாள். அதில் ஒன்றை அச்சுப் போட எடுத்து வைத்தாள்.

மறுநாள் டாக்டர் தடவிப் பார்த்தார். ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனது, மருந்தும் மாறியது. நோய் மறுபக்கமும் பரவிவிட்டது என்றார். வருஷக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர் மாதக் கணக்குக்கு வந்தார்.

ஒன்பது மாதம் இருந்தாள் அக்கா. ஆறாவது மாதம் வரை தைத்தாள். படத்தை ஒரு தையலைச் சரிபார்ப்பது போல ஜன்னலடியில் பிடித்துப் பார்த்து, "இருக்கிறபடி இருக்கு" என்று மட்டும் சொன்னாள். சட்டம் போட்டுத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினாள். வந்தவர்கள் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காவின் கணவர் வேறு படம் மாட்டச் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

அவள் போன பிறகு இவள் மூன்று நாள் லீவு எடுத்தாள். நான்காம் நாள் காலை பிணவறைக்குப் போனபோது நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருத்திக்கு அக்கா வயதுதான் இருக்கும். அவளைக் கடைசியாக எடுத்தாள்.