வெயிலில் காய்ந்த பேட்டரி

தொண்ணூறுகளின் நடுவில் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பேட்டரியில் ஓடும் கையடக்க பிரிக் கேம் கொட்டிக் கிடந்தது. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துபோகும். அட்டையில் ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று போட்டிருப்பான். உள்ளே பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். புளுகு என்று தெரிந்தேதான் எல்லோரும் வாங்கினோம். பஸ்ஸில் பொழுது போக நானும் ஒன்று வாங்கினேன். கல்லூரிக்கு அதைச் சில நாள்கூடக் கொண்டுபோகவில்லை, அப்பா எடுத்துக்கொண்டார்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போயிருந்தன. அதற்கு முன் அவர் கணக்கு வாத்தியார். மயிலாப்பூரில் அவரிடம் குட்டு வாங்காத பையன்கள் குறைவு. இப்போது பார்க்க வருகிறவர்கள் அவர் எதிரிலேயே அம்மாவிடம், "சாப்பிடறாரா? தூங்கறாரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேமை மடியில் தலையணைமேல் வைத்து இடது கை விரல்களாலேயே ஆடினார். முதலில் தடுமாறினார். போகப் போக, கட்டை பாதி இறங்குவதற்குள் அதற்கு இடம் பார்த்துவிடுவார். அதுவரை எடுத்ததில் பெரிய ஸ்கோர் திரையின் ஓரத்தில் நிற்கும். அணைத்துப் போட்டாலும் போகாது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டுவார். எங்களுக்குள் அதுதான் பேச்சு.

ஞாயிறுதோறும் அடையாறிலிருந்து வரும் சித்தப்பா ஒரு முறை, "அண்ணாவுக்கு இனிமே ஒண்ணும் புரியப் போறதில்லை மன்னி. மனசைத் தேத்திக்கோங்கோ" என்று கூடத்தில் நின்று சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க வெறி பிடித்த மாதிரி ஆடினார். ஸ்கோர் நான் கனவிலும் தொடாத இடத்துக்குப் போயிருந்தது. அதை யாருக்குக் காட்டப் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு எப்போது வரும் என்று நானும் காத்திருந்தேன்.

சித்தப்பா வந்ததும் அப்பா கையசைத்து அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். கேமைப் போட்டு நீட்டினார். விரல் திரையின் ஓரத்தைத் தட்டியது.

அங்கே சைபர் இருந்தது.

அப்பா கேமைத் திருப்பி முதுகில் தட்டினார். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். மறுபடி அதே சைபர். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. சித்தப்பா அவர் தோளைத் தட்டி, "பேஷ், பேஷ்! நன்னா விளையாடறேளே அண்ணா!" என்றார், தொட்டில் குழந்தையிடம் பேசுகிற குரலில்.

"நிஜமாவே பெரிய ஸ்கோர் இருந்தது சித்தப்பா" என்றேன்.

"இருக்கட்டும்மா. ஏதோ அவருக்கும் பொழுது போகணுமோல்லியோ" என்றார்.

அம்மா காபியோடு வந்தாள். எங்கள் வீட்டில் டார்ச்சோ டிரான்சிஸ்டரோ, பேட்டரி மங்கினால் உடனே தூக்கிப் போடும் வழக்கமில்லை. மொட்டை மாடியில் வடாம் காயும் துணியின் ஓரத்தில் அதையும் அம்மா காயவைப்பாள். வெயில் பட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

"திரை மங்கிக் கிடந்ததேன்னு, நீங்க கண்ணசந்தப்போ செல்லைக் கழட்டி வெயில்ல வெச்சேன். சித்தப்பா வரச்சே நன்னா தெரியட்டுமேன்னுதான்" என்றாள் அப்பாவிடம். "இப்போ பளிச்சுனு தெரியறதோன்னோ?"

பேட்டரியை எடுத்தால் ஸ்கோர் அழிந்துவிடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் இடது கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவைப் பார்த்து அவர் தலையாட்டினார்.

சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாருங்கோ மன்னி, என்ன கேட்டாலும் தலையாட்டறார். பாவம்" என்றார்.